நாற்பத்தொரு கிலோ

சின்ன யானை வண்டியில் கயிறு கட்டி
சென்னையிலிருந்து வந்து இறங்கியது.
நல்ல சிவப்பு.
சீட்டின் பாலிதீனைக் கிழிக்காதே அஞ்சலாட்சி என்றார்
கோதண்டபாணி சார்.
கிளப் தலைவர் வரும்வரை
புதுசு புதுசாகவே இருக்க வேண்டுமாம்.

தேவனாம்பட்டினம் போகும் சாலையில்
இந்த மைதானத்துப் புல்லுக்கு
பதினாறு வருஷத்தில் இது நான்காவது.

முதலாவதற்கு இன்ஜின் கிடையாது.
நான்தான் இன்ஜின்.
கோல்கம்பத்திலிருந்து கோல்கம்பத்துக்குத் தள்ளிய தூரத்தை
கணக்குப் படிக்கிற பையன் ஒருவன்
மணலில் குச்சியால் பெருக்கிச் சொன்னான்:
நாளைக்குப் பதினொரு கிலோமீட்டர்.
நாலு நாளில் சிதம்பரம் போய்ச் சேர்ந்திருக்கலாம்.
போகவில்லை. திரும்பித் திரும்பி இங்கேயே வந்தேன்.

இரண்டாவது, கயிறு இழுப்பது.
இருபது இழுப்புக்கு ஒரு தும்மல்.
ஐப்பசி வந்தால் வலது தோள்
இன்னமும் அதைப் பற்றித்தான் பேசும்.
கெடிலம் உள்ளே வந்த வருஷம்
ஷெட்டில் மூன்று நாள் முழுகிக் கிடந்தது.
வெளியே இழுத்தபோது டேங்கில்
உயிரோடு ஒரு நண்டு.

மூன்றாவதில்தான் உட்கார்ந்தேன்.
பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்று கழித்துக்கட்டியது.
சாவிக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர்.
சீட்டுக்குப் பதில் நாலாய் மடித்த உரச்சாக்கு.
பிரேக்கைப் பற்றிக் கேட்காதீர்கள்.
திருப்பாப்புலியூர் ஹபீப் மாதம் இருமுறை வந்து
அதனடியில் படுத்துக்கொண்டே சொல்வான்:
"எல்லாத்தையும் மாத்தியாச்சு அக்கா,
இனி உன்னத்தான் மாத்தணும்."

இன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.
தலைவர் ஏறி உட்கார்ந்தார்.
மூன்று மீட்டர் ஓட்டினார், போட்டோ,
இறங்கி வேட்டியைத் தட்டிவிட்டு
சாவியை என் கையில் போட்டார்.

ஏறினேன். திருகினேன்.
கத்தி சுழல ஆரம்பித்ததும் நின்றது.
மறுபடி. நின்றது.

கம்பெனிப் பையன் புத்தகத்தைப் புரட்டினான்.
சீட்டுக்கடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம்,
ஆள் உட்கார்ந்திருந்தால்தான் ஓட விடுமாம்,
எழுந்தால் நிறுத்திவிடுமாம். பாதுகாப்பு.
"மேடம், வெயிட் எவ்வளவு?"
கேன்டீனில் அரிசி நிறுக்கும் தராசு சொன்னது,
நாற்பத்தொன்று.
"மேல ஆள் இருக்கிறதே அதுக்குத் தெரியல மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள்.
அவர்களுக்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன்,
அது ஒரு பழக்கம்.

ஒயரை வெட்டினால் வேலை முடிந்தது என்றான் ஹபீப்.
வெட்டினால் வாரண்டி முடிந்தது என்றான் பையன்.
நான் ஷெட்டுக்குப் போனேன்.
மூன்றாவதின் இரும்புத் தட்டு, இரண்டாவதின் சக்கரம்,
அதே உரச்சாக்கில் சுற்றி
மடியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஓடியது.
நாற்பத்தாறு வயதில்
இரண்டாம் முறையாக ஆளானேன்.
இந்தமுறை யாரும் புட்டு சுற்றவில்லை.

நன்றாகத்தான் ஓடுகிறது.
முதுகு வலிக்கவில்லை. புல்வாசனை மட்டும்
எப்போதும் உள்ளதுதான்.

கடல் பக்கத்துக் கார்னர் கொடிக்குக் கிட்டே
தலைக்கு மேல் ஒரே கூச்சல்.
ஆட்காட்டிக் குருவி.
சுற்றிச் சுற்றி வந்து மூக்குக்கு நேராகப் பாய்ந்தது.
குனிந்து பார்த்தேன்:
புல் கருகிய குழியில்
கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டை,
சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி.

மூட்டையோடு எழுந்தேன்.
கத்தி நின்றது, சத்தம் நின்றது, எல்லாம் நின்றது.
பரவாயில்லை, நல்ல சுவிட்ச்தான்.

அது மட்டும் நிற்கவில்லை.
ஆள், ஆள், ஆள் என்று
ஊருக்கே என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.
அதற்குத் தராசு எதுவும் தேவைப்படவில்லை.

ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை விட்டு
வளைத்துத் திருப்பினேன்.
சார் கேட்டால்
புது வண்டி, திருப்பம் இன்னும் பழகவில்லை என்பேன்.